தூசி என்று சொன்னோம்

அசோகன் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இருந்தேன். லிஃப்ட் ரிப்பேர் செய்வது என் பிழைப்பு. குழிக்குள் செல்போன் எடுக்காது. கிரீஸ் கையோடு மேலே ஏறி வந்து பார்த்தால் அவருடைய மகள் சுஜாதாவிடமிருந்து ஆறு அழைப்புகள். ஆறு என்றாலே விஷயம் தெரிந்துவிடுகிறது. இருந்தாலும் அழைத்தேன். "அப்பா போய்ட்டாரு அங்கிள்" என்றாள். 

உடனே கிளம்ப முடியவில்லை. ஏழாவது மாடியில் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் கீழே வரக் காத்திருந்தார். கிளம்பினாலும் எங்கள் ஊருக்கு ரயில் சாயங்காலம்தான். மறுபடியும் குழிக்குள் இறங்கி இரண்டு மணி நேரம் வேலை செய்தேன். முடித்துவிட்டுக் குழாயடியில் முகம் கழுவும்போது அந்தக் கட்டடத்தின் வாட்ச்மேன் என்னை உற்றுப் பார்த்து, "ஏனு சார், கண்ணல்லி தூளா?" என்றார். கண்ணில் தூசியா என்று கேட்கிறார். "ஹௌது, தூள்" என்றேன். ஆமாம், தூசிதான்.

இந்த ஒரு பொய்யைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

காலை ரயிலில் எஞ்சினிலிருந்து நான்காவது பெட்டியில் வருகிறவர்களுக்கு அசோகன் அண்ணனை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீடு எங்கள் தங்கச் சுரங்க ஊரில், ஸ்கெலட்டன் என்ற பகுதியில். வேலை பெங்களூரில், ஒரு கண் ஆஸ்பத்திரியில் அட்டெண்டர். நோயாளியின் பெயரைக் கூப்பிடுவது, கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைப்பது, முறை வந்ததும் உள்ளே அனுப்புவது. இருபத்தைந்து வருடமாக ஒரே வாசலில் நின்றதில், வீங்கிய கண்ணைப் பார்த்தவுடன் அது எதனால் வீங்கியது என்று சொல்லக்கூடிய பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. யாராவது அவரை டாக்டர் என்று கூப்பிட்டால் கோபம் வரும். "நான் டாக்டர் இல்லப்பா. டாக்டர் ரூம் கதவு. தொறந்து வுடுறதுதான் என் வேல" என்பார்.

நான் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறும்போது அவர் முன்பே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். பங்காருப்பேட்டை தாண்டினால் அந்தப் பெட்டியில் கையை உயர்த்தினால் இறக்க முடியாது, இறக்கினால் உயர்த்த முடியாது. போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர அதற்கும் மேல். ஊரில் வேலை இல்லை, பெங்களூரில் வீடு எடுக்க வசதி இல்லை. இருக்கும் குவார்ட்டர்ஸைப் பூட்டிக்கொண்டு போகலாமென்றால் திரும்பி வரும்போது அது நமக்கு இருக்குமா என்ற பயம். ஆகவே தினமும் போய்த் தினமும் திரும்புகிறோம். அண்ணன் என்னைக் கேலி செய்வார்: "உங்கப்பா சொரங்கத்து கேஜ்ல கீழ போனாரு, நீ லிஃப்ட்ல மேல போறே. ஆனா சாயங்காலம் ரெண்டு பேரும் வந்து சேந்தது அதே லைன் வூட்டுக்குத்தான், பாத்தியா?"

எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்குத் தூசி தெரியும். சுரங்கத்தை மூடிய பிறகும், அரைத்துத் தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய மண் ஊருக்கு நடுவில் மலை மலையாக நிற்கிறது. சைனைட் டம்ப் என்போம். காற்று மாதங்களில் அது வீட்டுக்குள், சோற்றுக்குள், கண்ணுக்குள் வரும். கண் அரிக்கும், சிவக்கும், இமை தடித்துப்போகும். அது நிஜமான தூசி.

இன்னொரு தூசியும் உண்டு. இந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "நூறு" என்று வாழ்த்துவார்கள், அப்படிப்பட்ட வீடுகள் எங்களுடையவை. அழுவதற்கு அங்கே தனி இடம் கிடையாது. காலையில் குழாயடியில் வீங்கிய கண்ணோடு நின்றால், "தூசியா?" என்று யாராவது கேட்பார்கள். "தூசிதான்" என்று சொல்லிவிட்டால் அதோடு சரி. கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும். புருஷன் அடித்தானா, பிள்ளை பெயில் ஆனானா என்று யாரும் கிளற மாட்டார்கள். ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் குடியிருப்பதுபோல வாழ்கிறவர்களுக்கு இது ஒரு மரியாதை. சின்ன வயதிலிருந்தே இதில் ஊறியவன் நான்.

அசோகன் அண்ணனிடம் எல்லோருடைய தூசியும் செல்லாது. கார்த்தி என்று ஒரு பையன், செல்போன் கடையில் வேலை, பெட்டியில் எல்லோருக்கும் செல்லம். ஒரு நாள் கண்ணிரண்டும் பணியாரம் மாதிரி உப்பி வந்து நின்றான். "சும்மா தூசிண்ணா" என்றான்.

"நைட்டு இன்னா துன்னே?"

"நூடுல்ஸுண்ணா. ரெண்டு பாக்கெட்டு. ஊறுகா தொட்டுகினு."

"எப்ப படுத்தே?"

"ஒரு மணி இருக்கும். குப்புற படுத்து போன் பாத்துகினு இருந்தேன்."

"அப்புறம் இன்னாத்துக்கு டம்ப் மேல பழி போடுறே? கண்ணு வீங்கினா கண்ணயே பாத்துகினு இருக்காதடா. தட்டப் பாரு, தலகாணியப் பாரு, காலப் பாரு."

தட்டு புரிந்தது. ராத்திரி உப்பு அதிகமானால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காலையில் அது கண்ணுக்குக் கீழே தெரியும். தலையணையும் புரிந்தது. போதுமான தூக்கம் வேண்டும், குப்புறப் படுக்கக் கூடாது, தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் வீக்கம் சீக்கிரம் வடியும். கண் வீங்கினால் காலை ஏன் பார்க்க வேண்டும் என்று நான்தான் கேட்டேன்.

வண்டி பங்காருப்பேட்டையில் நின்றிருந்தது. பிளாட்ஃபாரத்தில் இட்லி விற்கும் ரத்னம்மாவை அண்ணன் ஜன்னல் வழியாகக் காட்டினார். அந்த அம்மாவும் மாதக்கணக்கில் தூசி, அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்தானாம். "காலைல ரெண்டு கண்ணும் வீங்குது, மத்தியானம் வடியுது, சாயங்காலம் கால்ல எறங்குது. அது தூசி இல்ல டேவிட்டு. ஒண்ணுக்கு நுரையா போவுதாம்மான்னு கேட்டேன். வெக்கப்பட்டுகினே ஆமான்னுச்சி. கணுக்காலுக்கு மேல கட்டவெரல வெச்சி அமுக்கினேன். எடுத்தா குழி அப்டியே நிக்குது. கிட்னி. அன்னிக்கே டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டேன்." ரத்னம்மா இன்றும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, உப்பைக் குறைத்துக்கொண்டு, அதே இடத்தில் இட்லி விற்கிறார். அண்ணன் காலமான செய்தியை நான் போய்ச் சொன்னபோது இட்லிப் பாத்திரத்தை மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆக, காலில் குழி நின்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இதை அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்புகிறேன்.

எனக்கே ஒரு முறை இமையில் கட்டி வந்தது. மாமியார் சொன்னாரென்று பூண்டை நசுக்கித் தேய்த்தேன். கண் எரிந்து இமை இன்னும் வீங்கி ரயிலில் ஏறினேன். அண்ணன் அன்று விட்ட டோஸை நான்காவது பெட்டி மறந்திருக்காது. "பூண்டு ரசத்துக்குப்பா. கண்ணுக்கு இன்னாத்துக்கு? சுடுதண்ணில சுத்தமான துணிய நனச்சி, பொறுக்கிற சூட்டுல பத்து நிமிஷம் வை. ஒரு நாளைக்கு நாலு வாட்டி. பிதுக்காதே, கசக்காதே. கண்ணு இன்னா சப்பாத்தி மாவா?" என்றார். கட்டிக்கு வெந்நீர், மற்ற வீக்கத்துக்கு ஜில் தண்ணீர் என்பது அவர் கணக்கு. ஆனால் ஒரு கண் மட்டும் வலியோடு சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ, காய்ச்சல் அடித்தாலோ தன்னிடம் வரவே கூடாது, நேராக டாக்டரிடம் போக வேண்டும். வழிநெடுக அதைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அவரிடம் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். காய்ச்சி ஆறவைத்துப் பானையில் ஊற்றிக் குளிர வைத்த தண்ணீரில் நனைத்த வெள்ளைத் துணிகள், மடித்து மடித்து அடுக்கியிருக்கும். ஒருவருக்குக் கொடுத்த துணியை இன்னொருவருக்குத் தர மாட்டார். மெட்ராஸ் ஐ வந்து யாராவது ஏறினால் பெட்டிக்கே கேட்கும்படி சத்தம் போட்டு வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார்.

இத்தனை கறாரான மனிதர் ஒரே ஒரு வகைக் கண்ணுக்கு மட்டும் பொய் சொல்வார். ஸ்டெல்லா என்னை மன்னிக்க வேண்டும், அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். கார்மெண்ட்ஸில் வேலை செய்யும் ஸ்டெல்லா ஒரு திங்கட்கிழமை கண் திறக்க முடியாத வீக்கத்தோடு ஏறினாள். பெட்டியே அவளைப் பார்த்தது. யாரும் வாய் திறப்பதற்குள் அண்ணன் உரக்கச் சொன்னார்: "இன்னிக்கி காத்து ஜாஸ்தி. ஒரே தூசி." டப்பாவிலிருந்து இரண்டு துணிகளை எடுத்து நீட்டினார். மாலூர் போய்ச் சேரும்வரை அவள் துணியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு இலைகூட அசையவில்லை.

அன்று சாயங்காலம் அவரிடம் கேட்டேன். "அழுத கண்ண கண்டுபுடிக்கிறது ஈசி டேவிட்டு" என்றார். "அரிக்காது, வலிக்காது. ஆனா இன்னான்னு கேட்டா மறுபடி ஊறும். இங்கருந்து எறங்கிப் போவ வழி இருக்குதா அந்தப் பொண்ணுக்கு? தூசின்னு சொல்லிட்டா பெங்களூரு வரிக்கும் நிம்மதியா நிக்கும்ல?"

அதற்கு அடுத்த வருடம் அவருடைய மனைவி கமலா அண்ணி இறந்தார். திடீரென்று நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பத்து நாள் கழித்து அண்ணன் பழைய ஜன்னலோரத்துக்கு வந்தார். கண் வீங்கியிருந்தது. மறுநாளும். அடுத்த வாரமும். அடுத்த மாதமும். "காத்துண்ணா" என்று முதலில் சொன்னவன் நான்தான். அவரிடம் கற்றுக்கொண்டதை அவருக்கே திருப்பித் தருகிறோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. பிறகு ஸ்டெல்லா சொன்னாள், கார்த்தி சொன்னான். ஒவ்வொரு நாளும் நான்காவது பெட்டியில் காற்றடித்தது, தூசி பறந்தது. அவர் சிரித்துக்கொண்டே தன் டப்பாவிலிருந்து ஒரு துணியை எடுத்துத் தன் கண்ணில் வைத்துக்கொள்வார்.

ஒரு நாள் ஒயிட்ஃபீல்டுக்கு முன்னால் சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றது. அரை மணி நேரத்துக்கு மேல் நின்றது. மின்விசிறி ஓடவில்லை. நான் அவருக்கு எதிரே, முழங்காலோடு முழங்கால் இடிக்க நின்றிருந்தேன். திரும்பக்கூட இடமில்லை. அண்ணன் குனிந்து பேண்ட் நுனியை மெதுவாக மேலே இழுத்தார். சாக்ஸை இறக்கினார். சாக்ஸ் எலாஸ்டிக் இருந்த இடம், கயிறு போட்டு இறுக்கியதுபோல் பள்ளமாக இருந்தது.

"டேவிட்டு, இத்த பாரேன்" என்றார். பிறகு, "கமலா இருந்திருந்தா இந்நேரம்..." என்றார். 

அவர் கண்ணில் தண்ணீர் திரண்டது.  இத்தனை பேர் நடுவில், நகர முடியாத இடத்தில், இந்த மனிதர் இப்போது உடைந்துவிடப் போகிறார், நான் என்ன செய்வேன் என்று பயந்தேன். அவர் காலை நான் பார்த்தேன். பார்த்தும் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இன்னிக்கி காத்து ஜாஸ்திண்ணா. ஒரே தூசி" என்றேன்.

அண்ணன் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "ஆமாப்பா. தூசிதான்" என்றார். சாக்ஸை ஏற்றினார், பேண்டை இறக்கிவிட்டார். வண்டி நகர்ந்தது.

நாலு மாதம் கழித்து அவர் வேலை செய்த அதே கதவுக்கு முன்னால் மயங்கி விழுந்தார். அங்கிருந்த டாக்டர்கள்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சிறுநீரகம் இரண்டும் பெருமளவு போயிருந்தது. முன்பே வந்திருந்தால் என்று சுஜாதா கேட்டதற்கு, "கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கலாம்" என்றார்களாம். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. நான் தினமும் அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், விடை வருவதில்லை.

அதன் பிறகு வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அதே ரயில், அதே பெட்டி. மற்ற நாட்களில் வீட்டில் படுக்கை. தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து நான் ஸ்கெலட்டனுக்குப் போய் அவர் கட்டிலருகே உட்காருவேன். ஒரு நாள் சொன்னார்: "எங்கப்பா கேஜ்ல எறங்கினா எட்டு மணி நேரத்துல மேல வந்துடுவாரு. எனக்கு ஷிஃப்டு முடியவே மாட்டேங்குது டேவிட்டு." அப்போதாவது நான் அந்த நாளைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு அண்ணா என்று ஒரு வார்த்தை. வாயில் கொழுக்கட்டையா இருந்தது? பேசினால் அவர் அழுவாரோ, நான் அழுவேனோ, பக்கத்து வீட்டில் கேட்குமோ என்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "வரேண்ணா" என்று எழுந்து வருவேன். இப்படி எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள்.

லிஃப்ட் வேலையை முடித்துக்கொண்டு அன்று சாயங்கால ரயிலில் ஊர் வந்து சேர்ந்தேன். மறுநாள் காலை எடுத்தார்கள். அண்ணன் போய்வந்த புத்த விகாரிலிருந்து வந்தவர்கள் "புத்தம் சரணம்" சொல்லத் தொடங்கியபோது, சர்ச்சுக்குப் போகிற வேதக்கோயில்காரர்களான நாங்களும் கைகட்டி நின்றோம். எல்லாம் முடிந்த பிறகு சுஜாதா என்னை உள்ளே கூப்பிட்டு அந்த பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்தாள். "அப்பா உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு அங்கிள்."

வாங்கிக்கொண்டு நின்றேன். அவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தொண்டை வரை வந்தது. "சுஜாதா, ரயில்ல ஒரு நாளு அப்பா கால..." என்று தொடங்கினேன்.

"தெரியும் அங்கிள். சொல்லிகீறாரு." அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "அன்னிக்கி வூட்டுக்கு வந்து சிரிச்சாரு. டேவிட்டு கிட்ட கால காட்டினேன், அவன் மூஞ்சில பயத்த பாக்கணுமே, நான் அழுவேன்னு பயந்துட்டான் பாவம்னாரு. அப்பா டெஸ்ட் எடுக்கலாமேன்னு நானும் கேட்டேன். ராவெல்லாம் அழறவன் கண்ணு வீங்காம இன்னா பண்ணும்னாரு. லீவு போட்டா அந்த வேலையும் பூடும்னாரு. நானும் வுட்டுட்டேன் அங்கிள்."

பாவம் என்றுதான் சொல்லியிருக்கிறார் என்னை. காலமெல்லாம் மற்றவர் கண்ணைப் படித்தவர், அவர் கண்ணைப் படிக்க வேண்டிய இடத்தில் நான் இருந்த ஒரே நாளில், என் பயத்தையும் படித்துவிட்டுப் பேண்டை இறக்கிவிட்டிருக்கிறார்.

அடுத்த திங்கட்கிழமை டப்பாவில் துணிகளை நனைத்து எடுத்துக்கொண்டு கோரமண்டலில் ஏறினேன். ஜன்னலோரம் காலியாக இருந்தது, யாரும் உட்காரவில்லை. இரண்டு இரவு தூங்காத முகம் என்னுடையது. ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "காத்து ஜாஸ்தில்லண்ணா இன்னிக்கி" என்றாள். பெட்டி முழுவதும் என் பதிலுக்காகத் தயாராக இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெங்களூரு வரை நிம்மதி.

"தூசி இல்லம்மா" என்றேன். "அழுதேன். அவரு என்கிட்ட கால காட்டினாரு. நான் பாத்துட்டு தூசின்னு சொல்லிட்டேன்."

சொல்லும்போதே மறுபடி அழுதேன். எல்லார் முன்னாலும், மூக்கு ஒழுக, அசிங்கமாக அழுதேன். ஒருவரும் காற்று என்று சொல்லவில்லை. ஸ்டெல்லா டப்பாவைத் திறந்து ஒரு துணியை எடுத்துக் கொடுத்தாள். "நானும் தினம் சொன்னனேண்ணா" என்று அவளும் அழுதாள்.

பங்காருப்பேட்டை தாண்டியபோது யாரோ என் தோளைத் தொட்டார்கள். கார்த்தி. கண் உப்பியிருந்தது, நாங்கள் வழக்கம்போல நூடுல்ஸ் என்று கேலி செய்துகொண்டிருந்த கண். கூட்டத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, இன்னொரு காலைச் சீட்டின் விளிம்பில் தூக்கி வைத்து, பேண்டை மேலே இழுத்தான்.

"அண்ணா, இத்த கொஞ்சம் பாருண்ணா. ஒரு மாசமா இருக்குது. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல."

வீங்கிய கண்ணுக்குக் குளிர்ந்த துணி வேண்டும், உப்பு குறைய வேண்டும், தூக்கம் வேண்டும், கசக்காத கை வேண்டும். இவை அசோகன் அண்ணன் ஊருக்கே சொன்னவை, யாரிடம் கேட்டாலும் கிடைக்கும். எனக்கென்று அவரிடமிருந்து மிஞ்சியது, அன்று நான் நீட்டாத கட்டைவிரல். குனிந்து கார்த்தியின் கணுக்காலுக்கு மேலே அதை வைத்து அழுத்தினேன். ஐந்து வரை எண்ணினேன். எடுத்தேன்.

குழி நின்றது.

கார்த்தி என் முகத்தைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பவில்லை. "நாளைக்கி லீவு போடு" என்றேன். "நானும் போடுறேன். ரெண்டு பேரும் போலாம்."